இரண்டே கால் கட்டை

எனக்கு ஆர்மோனியம் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. நான் செய்ததற்கு அது காரணம் ஆகாது என்று தெரியும். ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் இளமையில் தென்காசி நாடகக் கொட்டகைகளில் சங்கீதம் என்றால் இதுதான்: ஒரு மரப்பெட்டி மூச்சிரைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தை நீட்டும், ராஜபார்ட் அதை அமுக்குவதற்காக இன்னும் உரக்கக் கத்துவார், பெட்டிக்காரர் துருத்தியை இன்னும் வேகமாக மிதிப்பார். அதன் கட்டைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றுமில்லை. கமகம் என்று ஸ்வரத்தை அசைப்பது அந்த இடுக்கில்தான், நம் சங்கீதம் இருப்பதே அங்கேதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பி.ஏ. படித்தவன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஓரளவு பாடுவேன். சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்புகிற வயது.

அந்தப் பெட்டிக்காரர்களில் ஒருவர் என் அக்காவின் கணவர். எங்கள் அத்தை மகன். ஆயிரப்பேரியில் வயல் இருந்தது, நடவு நாளில்கூட வரப்பில் அவரைப் பார்க்க முடியாது. நாடகக் கொட்டகையில் வாசித்தார். பிறகு ஊமைப்படம் காட்டும் கூடாரத்தில் திரைக்குக் கீழே உட்கார்ந்து, குதிரை ஓடினால் ஒரு மெட்டும் கதாநாயகி அழுதால் ஒரு மெட்டும் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு அந்தக் குதிரை மெட்டை வாயால் போடுவார்கள். எவன் என்று கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் எரிந்து விழுவேன்.

"அதுக்கு நான் என்னலே செய்யட்டும்? குதிரை நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்பாள் அக்கா.

பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. அத்தானுக்கு வேலை போயிற்று. எனக்கு அதில் ஒளிக்க முடியாத சந்தோஷம். இனிமேலாவது வயலைப் பார்ப்பார் என்று வெளியே சொன்னேன். உள்ளுக்குள் நினைத்தது அது இல்லை.

அவர் வயலைப் பார்க்கவில்லை. அதே கூடாரத்துக்குத்தான் போனார். முன்பு திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர், இப்போது பின்னால், எண்ணெய் எஞ்சினுக்குப் பக்கத்தில், படம் ஓட்டுகிறவரோடு உட்கார்ந்தார். தன் பிழைப்பைப் பறித்த சத்தம் எதற்குள்ளிருந்து வருகிறது என்று பார்க்கப் போனவர், அங்கிருந்த ஒலிபெருக்கியின் உள்வேலையை எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு பழைய ஒலிபெருக்கியையும் சத்தம் வெளியே வரும் நெளிந்த கொம்பு ஒன்றையும் கூடாரக்காரர்கள் கழித்தபோது வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வெள்ளைக்காரச் சீமாட்டி விட்டுப்போன பியானோ ஒன்று கிடந்தது. சாரல் அடிக்கிற ஊரில் பியானோ வைத்திருப்பது அப்பளத்தைத் திறந்துபோட்டு வைப்பது மாதிரி. கம்பிகள் துருப்பிடித்து இற்றுப்போய், கறையான் பாதி தின்றிருந்தது. காவல்காரர் வெந்நீர் அடுப்புக்கு உடைக்க இருந்தார். அத்தான் அதன் கட்டைகளையும் சுத்தியல்களையும் மட்டும் கழற்றி வாங்கி வந்தார். கம்பிக்குப் பதிலாக, கிராமபோன் சாவி முறுக்குகிற எஃகுச் சுருளை வெட்டி, ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி ராவி நாக்கு நாக்காகச் செய்தார். ஒவ்வொரு நாக்குக்கும் எதிரே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். டெலிபோனில் காதில் வைக்கும் குழலுக்குள் இருக்குமே, அது. சுத்தியல் தட்டி நாக்கு அதிர்வதைக் காந்தம் பிடித்துக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் கொடுக்கும். கொம்பு பேசும்.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னால் புத்தகங்களில் படித்தேன். அங்கேயும் முதலில் பியானோவின் வயிற்றிலிருந்த பலகையை எடுத்துவிட்டுக் காந்தம் வைத்தார்கள். நாக்கு வைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போகலாம், மழையில் சுருதி இறங்காது, சின்னப் பெட்டி பெரிய மண்டபத்துக்குப் போதும் என்பதற்காக உலகமே அதை விரும்பி வாங்கிற்று. இதையெல்லாம் அத்தான் படிக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாரல்தான்.

"கம்பி நனைஞ்சா இறங்கிரும். நாக்கு இறங்காது மாப்ளே. அரம் போட்டாத்தான் அசையும்" என்றார்.

முதல் முறை அது பேசியபோது நான் அவர் வீட்டில் இருந்தேன். அக்கா கூப்பிட்டதால் போனேன், குறை சொல்வதற்கென்றே போனேன். அவர் ஒரு கட்டையைத் தொட்டார். கோயில் மணி ஓய்ந்தபின் காற்றில் கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த ஓசை, அடித்த சத்தம் இல்லாமல் அது மட்டும் வந்தது. மெல்லத் தொட்டால் உருண்டையாக வந்தது, அழுத்தித் தொட்டால் ஓரத்தில் ஒரு கரகரப்பு. ஆர்மோனியம் போல விடாமல் நச்சரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பாடுகிறவனுக்கு வழி விட்டு ஒதுங்கிற்று. எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த நிமிஷத்திலிருந்துதான் அதை நிஜமாகவே வெறுக்கத் தொடங்கினேன். ஆர்மோனியத்தை ஏளனம் செய்துவிட்டுத் தூங்கலாம். இதை அப்படிச் செய்ய முடியவில்லை.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"தகர டப்பா மாதிரி இருக்கு" என்றேன்.

குற்றாலத்தில் சீசன் காலத்தில் எங்கள் சங்கீத சபை கச்சேரிகள் வைக்கும். தென்காசி வக்கீல் ஒருவர் தலைவர். அவரை எல்லோரும் வக்கீல் அண்ணாச்சி என்போம். நான் கமிட்டியில் ஒருவன். குளிக்க வந்த மதுரைக்காரர்களும் மதராஸ்காரர்களும் மாலையில் எண்ணெய்த் தலையோடு வந்து உட்காருவார்கள். இசைத்தட்டுக் கம்பெனி ஆட்களும் சினிமாக்காரர்களும் அவர்களில் இருப்பார்கள். அங்கே ஒரு நாள் இந்தப் பெட்டி அவர்கள் காதில் விழுந்துவிட்டால் தனக்கு இந்தப் பக்கத்திலேயே வேலை வரும் என்பது அத்தானின் கணக்கு. இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகும் ஒரு நாடகக் கம்பெனி அவரை ஆர்மோனியத்துக்குக் கூப்பிட்டிருந்தது. போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அவருடைய அண்ணன் அப்படிப் போனவர்தான். அவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று தகவல் மட்டும் வந்தது.

அத்தான் கமிட்டிக்கு வந்து கேட்டார். வக்கீல் அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "கட்டைக்குக் கமகம் ஏதுவே? கட்டை கட்டைதான். மின்சாரம் வச்சாலும் கட்டை, வைக்காட்டாலும் கட்டை" என்றார். அந்த வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது.

அத்தான் பணிவாகக் கேட்டார்: "அண்ணாச்சி எந்தச் சுருதியில பாடுவீய?"

"நாலு கட்டை."

"அது என்ன கட்டை அண்ணாச்சி? வேப்பங்கட்டையா, முருங்கைக் கட்டையா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தான் நிறுத்தவில்லை. "தம்புராவுல கட்டை உண்டா? வீணையில உண்டா? எங்க பெட்டியிலேருந்துதானே எண்ணுதிய. பெட்டி ஆகாது, ஆனா உங்க தொண்டைய அளக்குததுக்குப் பெட்டி வேணும். மாப்பிள்ளையக் கேளுங்க, அவரு இரண்டு கட்டை."

கமிட்டி முழுவதும் சிரித்தது. வக்கீல் அண்ணாச்சியே சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. நம் வித்வான்கள் சுருதி சொல்லும் அந்தச் சொல்லே ஆர்மோனியத்தின் மரக்கட்டையை எண்ணி வந்ததுதான். எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. படித்தவன் எனக்குத் தோன்றாதது பெட்டிக்காரருக்குத் தோன்றிவிட்டதே என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிரிப்பில் கமிட்டி இளகிவிட்டது. ஒரு நாள் கேட்டுத்தான் பார்ப்போமே, யாராவது உள்ளூர்க்காரர் பாடட்டும், பெட்டி கூட வாசிக்கட்டும், சரியில்லை என்றால் அதோடு விட்டுவிடுவோம் என்றார்கள். யார் பாடுவது என்ற கேள்வி வந்தது. நாடகக் கொட்டகைப் பெட்டியோடு உட்கார ஒருவரும் முன்வரவில்லை.

"நான் பாடுதேன்" என்றேன்.

அப்போது என் மனதில் திட்டம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. முழுதாக இல்லை, ஆனால் இருந்தது.

அன்று அக்கா எனக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்துப் போட்டாள். இரண்டாம் முறை ஊற்றும்போது, "கொழும்புக்குப் போனா அவுக வர மாட்டாக. எனக்குத் தெரியும். நீ பாடுதேன்னு சொன்னியே, அது போதும் எனக்கு" என்றாள். சாப்பிட்டேன்.

அவர்கள் வீட்டில் சில நாள் சாயங்காலங்களில் ஒத்திகை பார்த்தோம். இரண்டு கட்டையில், பெட்டியோடு சேர்ந்து, ஒழுங்காகவே பாடினேன். நான் தோடியில் நின்று அசைக்கிற இடங்களில் அவர் கையை எடுத்துவிடுவார். ஓய்ந்துகொண்டிருக்கும் ஓசையின் மேல் நான் அசைத்துக்கொள்வேன். கட்டைக்குக் கமகம் இல்லை என்பதை அவர் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார். அதனால் கமகத்தை என்னிடம் விட்டுவிட்டு, அதற்குக் கீழே பாயை மட்டும் விரித்தார். அப்படி ஒரு பக்கவாத்தியம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் கிடைத்ததில்லை.

கச்சேரியன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் முன்னாலேயே போய்த் தம்புராவைச் சேர்த்தேன். இரண்டு கட்டைக்குச் சேர்க்கவில்லை. கால் கட்டை கூட்டி வைத்தேன். பெட்டியில் இரண்டு உண்டு, இரண்டரை உண்டு. இரண்டே கால் கிடையாது. தம்புராவில் தந்தியை முறுக்கும் பிருடையை இம்மி திருப்பினால் போதும். அவர் அந்த இடத்துக்கு வர வேண்டுமானால் அத்தனை நாக்கையும் மறுபடி ராவ வேண்டும்.

மிருதங்கக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "சுருதி கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்றார்.

"சாரலுக்கு இறங்கிரும். இருக்கட்டும்" என்றேன். அவர் கல்லை எடுத்து வாரை இறுக்கிக்கொண்டார்.

அத்தான் கடைசியில்தான் வந்தார். மின்சாரத்துக்குக் கொண்டுவந்த எஞ்சினும் கொம்பும் பெட்டியுமாக அவருக்கு வெளியே வேலை இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்குச் சுருதி கொடுப்பதற்காக இரண்டாம் கட்டையைத் தொட்டார். அதே நொடியில் நான் தம்புராவோடு ஆரம்பித்துவிட்டேன்.

பொருந்தாத இரண்டு சுருதி சேர்ந்தால் அலை அடிக்கும். ஆர்மோனியமாக இருந்திருந்தால் முன் வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். இது கொம்பு. மண்டபம் முழுக்க, வாசலில் குடை பிடித்து நின்றவர்கள்வரைக்கும், நோய் பிடித்த மாட்டின் மூச்சு மாதிரி உம் உம் என்று அடித்தது. எந்த மின்சாரத்தால் அந்தப் பெட்டி அழகாக இருந்ததோ அதே மின்சாரம் அதைக் காட்டிக் கொடுத்தது. குரலும் தம்புராவும் மிருதங்கமும் ஒரு பக்கம். பெட்டி தனியாக ஒரு பக்கம். யார் தப்பு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"பெட்டி சாரல்ல ஊறிப்போச்சுவே" என்றார் ஒருவர்.

"நமத்த முறுக்குல்லா" என்றார் இன்னொருவர். சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று.

அத்தான் இன்னொரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்று. பிறகு தலையைத் திருப்பித் தம்புராவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த விசையை அணைத்தார். கொம்பு அடங்கியதும் சபை நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்கே கேட்டது.

அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கச்சேரி முடியும்வரை என் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, தொடையில் எனக்காகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டே கால் கட்டையில் நன்றாகவே பாடினேன். கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின் கொம்பைச் சாக்கால் மூடிக்கொண்டே சொன்னார்: "இரண்டே கால். நல்ல காது மாப்ளே உமக்கு."

கச்சேரியிலேயே எழுந்து நின்று, பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, பாடுகிறவர்தான் தள்ளி நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சபையில் ஒரு சுருதிப் பெட்டி இருந்தது, கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். மனைவியின் தம்பியை ஊருக்கு முன்னால் பொய்யன் ஆக்க வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் அப்படி நினைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் செய்தேன்.

கமிட்டி கூடி, இனிமேல் எந்தக் கட்டைப் பெட்டியும் சபைக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தது. ரேடியோக்காரர்களும் பின்னாளில் ஆர்மோனியத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். நான் ஏதோ நாட்டுக்கே முன்னோடி என்பது போல வக்கீல் அண்ணாச்சி அந்தச் செய்தியை எனக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மாதமே அத்தான் ஆர்மோனியத்தோடு கொழும்புக்குப் போனார். மின்சாரப் பெட்டியை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெட்டியும் வந்தது. அதைக் கூடத்தின் நடுவில் போடச் சொன்னாள். நெல் பத்தாயத்துக்குப் பின்னால் தள்ளலாமே என்றேன். "அங்கன வேண்டாம். இங்கனயே கெடக்கட்டும்" என்றாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். யுத்தம் வந்து கப்பல் அரிதாயிற்று, கடிதமும் அரிதாயிற்று, பிறகு நின்றது. யுத்தம் முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு செங்கோட்டைக்காரர், அத்தான் அங்கே ஒரு பெண்ணோடு இருப்பதாகவும், கண்டியில் ஏதோ ஓட்டலில் வாசிப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவருக்கு மோர் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் சொன்னேன். கால் கட்டை கூட்டி வைத்ததை, மிருதங்கக்காரரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டாள்.

"அவுக என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. பெட்டி நனைஞ்சிருச்சு, நான்தான் சரியா மூடலைன்னு சொன்னாக. அவ்வளவு தூரம் பாடுபட்டுட்டு ஒரு சாக்கை மூடத் தெரியலையான்னு நான் அவுகளை ஏசிட்டேன்லே. கப்பலுக்குப் போகுத அன்னைக்கும் ஏசினேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நானா பெட்டியைப் பார்த்துச் சிரிச்சேன்? சிரிச்சவுககிட்டப் போயிச் சொல்லு."

இப்போது கல்யாண மண்டபங்களில் மின்சாரப் பியானோ இல்லாத இன்னிசை மேளா கிடையாது. ஒரு பையன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான். போன மாதம் ஒருவன் அதன் பக்கவாட்டில் இருந்த சின்னக் குமிழ் ஒன்றைத் திருகுவதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். "பாடுறவங்க கட்டைக்கு நடுவுல நின்னா நாம அங்க போயிடலாம் சார்" என்றான். முழுப் பெட்டியும் இம்மி இம்மியாக நகருமாம். எத்தனை வருஷம் எத்தனை பேர் யோசித்து அந்தக் குமிழை வைத்தார்களோ. அத்தானிடம் ஒரு அரம் மட்டும் இருந்தது.

அக்கா அன்று சொன்னபடியே, அதற்கு மறுநாள் வக்கீல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது வயதாகிவிட்டது, சாய்வு நாற்காலியில் கிடந்தார். முழுவதையும் சொன்னேன். பெட்டி சரியாக இருந்தது, சபையை ஏமாற்றியது நான், அந்த முடிவு தப்பு என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கால் கட்டை கூட்டி வச்சியா? அடப்பாவி. கெட்டிக்காரன்தான்வே நீ. இந்தப் பெட்டிக்காரனை எப்படிடா மடக்குததுன்னு நாங்க கெடந்து முழிச்சோமே." உள்ளே பார்த்து, "ஏளா, வாத்தியாருக்குக் காப்பி கொண்டா" என்று கூப்பிட்டார். நான் பாவத்தைச் சொல்ல வந்தேன் என்று மறுபடி சொன்னேன். "போடா, பாவமாவது. சபையைக் காப்பாத்தினே" என்றார்.

காப்பியைக் குடிக்காமல் வந்தேன். அக்கா நடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக. கெட்டிக்காரன்னு சொன்னாக."

நான் உட்காரப் போனேன்.

"கமிட்டியில வேற யாரு இருக்கா?" என்றாள்.

"பாதிப்பேரு போயிச் சேர்ந்தாச்சு யக்கா. அச்சன்புதூர்ல ஒருத்தர் இருக்காரு. காதும் கேக்காது அவருக்கு."

"சத்தமாச் சொல்லு. நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குப் போ."